பின்பக்கத்துப் பந்தி

செம்மண்டலத்தில் அந்தத் தெருக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தமிழ்மணி வீட்டு மொட்டை மாடிதான். தகரக் கொட்டகைக்குக் கீழே காலையில் உட்கார்ந்தால் அவனும் பாட்டுக் கூட்டாளிகள் இரண்டு பேரும் சோற்றுக்குத்தான் இறங்கி வருவார்கள். ஒரு பாட்டை முழுசாக யாரும் கேட்டது கிடையாது. பாதியில் நிற்கும். "டேய், அந்த எடத்துல முன்னாடியே வந்துட்டடா" என்று தமிழ்மணியின் குரல் கேட்கும். மறுபடியும் முதலிலிருந்து. கீழே ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கும் அவன் மனைவி சத்யப்பிரியாவுக்கு எல்லாப் பாட்டிலும் முன்பாதி மனப்பாடம். பின்பாதி எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது.

கெடிலம் இன்னிசைக் குழு என்று பேர். தமிழ்மணி கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவான். கிட்டார் ஆரோக்கியராஜ், புதுப்பாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேடு வாசிக்கிறவன் ஜெயப்பிரகாஷ், தாழங்குடாவில் படகு எஞ்சின் மெக்கானிக். மூன்று பேரில் யாருக்கும் இது பிழைப்பு இல்லை. பிறந்த நாள், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, யார் கூப்பிட்டாலும் போவார்கள். வண்டி வைத்துச் சோறு போட்டால் போதும்.

தமிழ்மணியின் பிழைப்பு குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருந்தது. பாய்லர் ஆபரேட்டர், காண்ட்ராக்ட். தீபாவளி முடிந்த கையோடு அந்த யூனிட்டை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லாமல் எல்லாக் கிழமையும் மாடிக்கு ஏற ஆரம்பித்தான். சத்யப்பிரியாவின் தையல் மிஷின்தான் வீட்டை ஓட்டியது.

"நாலு எடத்துல வேல கேட்டுப் பாக்கலாம் இல்ல? பொழுது வெடிஞ்சா டொய்ங் டொய்ங்னு..."

"கேக்காமயா இருக்கேன்? கேட்டா கெடைக்கணும் இல்ல?"

இதோடு அந்தப் பேச்சு முடியும். மறுநாள் இதே இடத்தில் தொடங்கும்.

அவளுடைய பெரியப்பா மகன் இளவரசு சிதம்பரத்தில் கட்டட காண்ட்ராக்டர். புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் மாடி வீடு கட்டி, வைகாசியில் புதுமனை புகுவிழா வைத்திருந்தான். பத்திரிகை கொடுக்க வந்தவனிடம், காபியை நீட்டிக்கொண்டே சத்யப்பிரியா சொல்லிவிட்டாள்.

"அண்ணே, எங்க வூட்டுக்காரரு பாட்டுக் குழு வெச்சிருக்காரு. பாட்டுக்கு வெளிய யாரையும் சொல்லிடாத."

"அட, நம்ம மாப்ள பாடுவாரா? அப்பறம் என்னா, நம்ம வூட்டு விசேசம். வந்து ஜமாய்ச்சிடுங்க" என்றவன், செருப்பைப் போடும்போது ஞாபகம் வந்தவன் மாதிரி சொன்னான். "சைட்டுல சூப்பர்வைசரா ஒரு நல்ல ஆளு வேணும் சத்யா. அன்னிக்கி மாப்ளகிட்ட பேசிக்கறேன்."

அவள் மனசில் இரண்டு கணக்கு இருந்தது. ஒன்று வேலை. இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் பக்கத்து ஆட்கள் எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "மாப்ள இப்ப எங்க வேலயில இருக்காரு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தமிழ்மணி தலையைக் குனிந்துகொள்வான். அந்த ஆட்கள் ஒரு நாளாவது அவன் மைக்குக்கு முன்னால் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரே துணியில் மூன்று மெரூன் சட்டை தைத்தாள். ஜெயப்பிரகாஷுக்குத் தோள் அகலம், இரண்டு தரம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

விசேஷத்தன்று விடிந்ததும் குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றினார்கள். தமிழ்மணியும் சத்யப்பிரியாவும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மற்ற இருவரும் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கையால் அணைத்துக்கொண்டு வந்தார்கள். குடிகாட்டைத் தாண்டும்போது வழக்கமான நெடி வந்தது. தமிழ்மணி கம்பெனி கேட்டு இருந்த பக்கம் திரும்பவில்லை.

"அண்ணே, பழைய வாசன வருது, இழுத்து வுட்டுக்க!" என்று பின்னாலிருந்து ஜெயப்பிரகாஷ் கத்தினான். ஆரோக்கியராஜ் சிரித்தது கேட்டது. தமிழ்மணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் மூன்று பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டே வந்தார்கள். இவர் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சத்யப்பிரியா நினைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் தெருவை அடைத்துப் பந்தல். ஹோமம் முடிந்து புகை இன்னும் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. பந்தல் ஓரத்தில் மேடை என்று எதுவும் இல்லை. தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த இடத்தைக் காட்டி, "அத நவுத்திட்டு அங்கயே போட்டுக்கங்க மாப்ள" என்றான் இளவரசு. வெயில் நேராக அந்த மூலையில்தான் விழுந்தது. ஆரோக்கியராஜ் பட்டறைக்காரன், மளமளவென்று கேன்களை நகர்த்தி, ஒயர் இழுத்து, செக்கிங் முடித்தான்.

பிள்ளையார் பாட்டை எடுத்தார்கள். இரண்டாவது வரிக்குள் உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்தார். "ஐயரு இன்னும் மந்திரம் முடிக்கலயாம், செத்த நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். ஐயர் கிளம்பிப் போனதும் மறுபடி எடுத்தார்கள். போட்டோக்காரர் குடும்பத்தையெல்லாம் வாசலில் நிறுத்தி, "யாரும் இந்தப் பக்கம் பாக்க மாட்டேங்கறாங்க, பாட்ட நிறுத்துங்க சார்" என்றார். நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்றார்கள், தமிழ்மணி சத்தத்தைக் குறைத்தான். "என்னா மாப்ள, ஒன்னுமே கேக்கல?" என்று இளவரசு வந்தான், கூட்டினான். கூட்டிய சூட்டில் கரண்டு போயிற்று. ஜெனரேட்டர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

சத்யப்பிரியா சொந்தக்காரப் பெண்களோடு முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். "தோ, அவருதான்" என்று இரண்டு பேரிடம் காட்டியும் விட்டாள். ஒவ்வொரு தடவை பாட்டு நிற்கும்போதும் தமிழ்மணி கையைத் தூக்கிப் புன்னகை செய்தான். வீட்டில் சோறு ஐந்து நிமிஷம் தாமதமானால் தட்டைத் தள்ளுகிற ஆள், "சரி மச்சான், சரி மச்சான்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

கரண்டு வந்தது. அவர்கள் ஒரு மாசமாகப் பழகிய மெலடியைத் தமிழ்மணி எடுத்தான். கிட்டார் மட்டும் தனியாக வந்து நிற்க, பேடு மெதுவாக உள்ளே நுழைந்தது. பேசிக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சத்யப்பிரியா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பல்லவி முடிந்து முதல் சரணம். அந்த நேரம் பார்த்து வெள்ளை வேட்டிகள் புடைசூழ முன்னாள் சேர்மன் வந்து இறங்கினார். இளவரசு ஓடிப்போய்ச் சால்வை போட்டுவிட்டு, நேராக வந்து தமிழ்மணியின் வாய்க்கு முன்னாலிருந்த மைக்கைக் கழற்றிக்கொண்டு போனான். சேர்மன் சிமெண்டு விலையில் ஆரம்பித்து நெடுநேரம் பேசினார். ஜெயப்பிரகாஷ் இரண்டு குச்சியையும் மடியில் வைத்துக்கொண்டு சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்தான்.

சத்யப்பிரியா எழுந்து உள்ளே போனாள். சமையல்கட்டில் இளவரசுவின் மனைவி அருள்மொழி வெற்றிலைத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் வாசிக்கறாங்க சத்யா. அந்த மோளம் அடிக்கிற புள்ள எந்த ஊரு?"

"தாழங்குடா அண்ணி."

"ஓ, கடக்கரையா. கிட்டாரு?"

"ஆரோக்கியராஜு. புதுப்பாளையத்துல பட்டற வெச்சிருக்காரு."

"ஆரோக்கியராஜு" என்று அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள் அருள்மொழி. "சரி சரி." அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர் என்று இந்தப் பக்கத்தில் கேட்டால் அது ஊரைப் பற்றிய கேள்வி இல்லை என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பேச்சு அதோடு நின்றதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

மைக் திரும்பி வந்தது. தமிழ்மணி அதே மெலடியை விட்ட இடத்திலிருந்து எடுத்தான். பந்தி ஆரம்பமாகியிருந்தது. இரண்டாவது சரணத்தில் இருக்கும்போது இளவரசு வந்து தோளில் கை வைத்தான்.

"மாப்ள, பரிமாற ஆளு பத்தல. சாம்பார் வாளிய கொஞ்சம் புடிச்சிக்க."

தமிழ்மணி பாடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"நம்ம வூட்டு வேல மாப்ள. சேர்மன் எலையில சோத்தப் போட்டுட்டு உக்காந்திருக்காரு!"

பாட்டு நின்றது. தமிழ்மணி எழுந்தான். மெரூன் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியை வாங்கினான். ஆரோக்கியராஜும் ஜெயப்பிரகாஷும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கிட்டாரும் தாளமுமாகக் கொஞ்ச நேரம் ஓட்டினார்கள். "பாட்டு இல்லாம என்னாய்யா இது?" என்று ஒரு குரல் வந்தது. யாரோ ஒரு பையன் சவுண்டு மிக்சர் ஒயரில் செல்போனைச் சொருகினான். குத்துப்பாட்டு பந்தலைப் பிய்த்தது. சின்னப் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். நிறையப் பேர் கை தட்டினார்கள். காலையிலிருந்து அதுதான் முதல் கைதட்டல்.

முதல் பந்தி எழுந்தது. இலையெடுத்து, தாள் விரித்து, இரண்டாவது பந்திக்கு இலை போட்டார்கள். ஜெயப்பிரகாஷும் ஆரோக்கியராஜும் கை கழுவிவிட்டு வரிசைக்கு வந்தார்கள்.

"தம்பிங்களா" என்று இளவரசு நல்ல முகத்தோடுதான் கூப்பிட்டான். "உங்களுக்குப் பின்பக்கம் எல போட்டாச்சு. அங்க ஃப்ரீயா சாப்புடலாம், போங்க."

ஜெயப்பிரகாஷ் நின்றான். வரிசையில் கடைசிப் பக்கம் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. அவன் வாளியோடு நின்ற தமிழ்மணியைப் பார்த்தான்.

"நீ வரியாண்ணே?"

தமிழ்மணி வாய் திறக்குமுன் இளவரசு சொன்னான். "மாப்ள என்கூட உக்காருவாரு. வேல விசயமா பேசணும்."

வாளியின் பிடி விரலில் வெட்டியது. தமிழ்மணி கையை மாற்றிக்கொண்டான். "நீங்க போயி சாப்புடுங்கடா. நான் பின்னாடியே வந்துடறேன்" என்றான்.

சத்யப்பிரியா இதைப் பந்தல் காலுக்கு அருகிலிருந்து கேட்டாள். நேராக அருள்மொழியிடம் போனாள்.

"அண்ணி, அவுங்க ரெண்டு பேரும் எங்ககூட வந்தவங்க. ஏன் பின்னாடி போட்டீங்க?"

"எடம் பத்தல சத்யா."

"எடந்தான் இருக்குதே."

"இங்க பாரு, நான் ஒன்னுஞ்சொல்லல. ஒங்க பெரியப்பா பங்காளிங்க உக்காந்திருக்காங்க. நாள பின்ன ஒரு பேச்சு வரும். ஒங்க வூட்டுக்காரருக்குத்தான் முன்னாடி எல போட்டாச்சே, அப்பறம் என்னா ஒனக்கு?"

அப்புறம் என்ன என்பதற்கு அவளிடம் பதில் நிறைய இருந்தது. ஒரு டம்ளரில் பாயசத்தை மொண்டுகொண்டு, இன்னொன்றையும் மொண்டுகொண்டு பின்பக்கம் போனாள். தானே நின்று பரிமாறலாம் என்று நினைத்தாள்.

ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்த சந்தில் ஒரு பெஞ்சின் மேல் இரண்டு இலை. உப்பிலிருந்து வடை வரைக்கும் வைத்து, சோறு போட்டு, சாம்பார் ஊற்றியிருந்தது. யாரும் கை வைக்கவில்லை. டீசல் புகை இலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. சத்யப்பிரியா பாயச டம்ளர்களைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

ஜெயப்பிரகாஷ் பேடைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். ஆரோக்கியராஜ் கிட்டார் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். தமிழ்மணி வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

"டேய், என்னாடா பண்றீங்க? என் நெலமய புரிஞ்சிக்கங்கடா."

"உன் நெலம புரியுது" என்றான் ஆரோக்கியராஜ். "எங்க நெலம உனக்குப் புரியுதா? உன் வூட்டுல ஒரே சட்டியில தின்னவங்கடா நாங்க. இங்க வந்ததும் நாங்க வேற ஆளாயிட்டமா?"

"சத்தம் போடாதடா ராஜு, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். காலையிலேர்ந்து எவன் எங்கள பாத்தான்?"

"விடு ராஜு" என்றான் ஜெயப்பிரகாஷ். குரல் ஏறவே இல்லை. "அண்ணனுக்கு வேல ஆவணும். நாம கெளம்புவோம்."

"வண்டி இருக்குடா, சேந்து போவலாம். கொஞ்சம் இருங்க."

"வேணாம்ணே. பஸ்ஸ்டாண்டுக்கு ஆட்டோ கெடைக்கும்." சத்யப்பிரியாவைப் பார்த்து, "வரோம் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

தெரு முனை வரைக்கும் இரண்டு மெரூன் சட்டைகள் வெயிலில் நடந்து போயின. உள்ளேயிருந்து "மாப்ள, எல காயுது!" என்று இளவரசு கூப்பிட்டான். தமிழ்மணி போய் உட்கார்ந்தான். சாப்பிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். வருகிற திங்கட்கிழமை சைட்டுக்கு வந்துவிடச் சொல்லி இளவரசு முதுகில் தட்டினான். சத்யப்பிரியா தலைவலி என்று சொல்லி எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை.

திரும்பி வரும்போது பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் ஸ்பீக்கர் பெட்டிகள் பின்னால் உருண்டு முட்டிக்கொண்டே வந்தன. பரங்கிப்பேட்டைப் பாதை பிரிகிற இடத்தில் தமிழ்மணி அவள் பக்கம் திரும்பினான்.

"நீதான ஏற்பாடு பண்ண?" என்றான் தமிழ்மணி.

"நான்தான். நீங்க பாடறத எங்க ஆளுங்க பாக்கணும்னு பண்ணன். சாம்பார் ஊத்தறத பாக்க இல்ல."

"நான் வாளிய வெச்சிட்டு அவனுங்களோட போயிருந்தா வேல போயிருக்கும்."

"போயிருக்கும்."

"அப்ப என்னா பண்ணச் சொல்ற?"

போனால் போகட்டும் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். மிஷின் மிதித்து மிதித்து ராத்திரியில் கடுக்கிற கணுக்கால் ஞாபகம் வந்தது. அந்த வார்த்தை வெளியே வரவில்லை. அதற்காக அவனைவிடத் தன்மேல்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. டிரைவர் ரேடியோவைப் போட்டார். "அத நிறுத்துங்கண்ணே" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை தமிழ்மணி சிதம்பரம் பஸ் ஏறினான். செங்கல் லோடு எண்ணினான், சித்தாள்களை வேலை ஏவினான், சாயங்காலம் சிமெண்டுத் தூசியோடு வந்தான். இளவரசு நல்லபடியாகத்தான் நடத்தினான். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு யாரும் வரவில்லை. ஆரோக்கியராஜ் போனை எடுக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் எடுத்தான். "சொல்லுண்ணே. நல்லாருக்கியா? வேலயெல்லாம் எப்பிடிப் போவுது?" என்று மரியாதையாகப் பேசினான். பிராக்டிஸ் என்று ஆரம்பித்ததும், "தடக்காலம் முடியப் போவுது இல்லண்ணே, எஞ்சின் வேல ஜாஸ்தி" என்றான்.

தமிழ்மணி போனைக் கட்டிலில் எறிந்தான். "திட்டித் தொலைச்சா பரவால்ல. நல்லாருக்கியாங்கறான்!"

"கெளம்புங்க" என்றாள் சத்யப்பிரியா. "நேர்ல போவம்."

தாழங்குடாவில் படகுகளை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்கு இறங்குவதற்குள் பெயிண்டு அடிக்கிறவர்களும் வலை கோக்கிறவர்களுமாகக் கரை முழுக்க ஆட்கள். ஜெயப்பிரகாஷ் ஒரு எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் கிரீஸ் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வாண்ணே. வாங்க அண்ணி. வெயில்ல வந்திருக்கீங்களே. சினேகா, யாரு வந்திருக்காங்க பாரு!"

வீட்டுக்கு முன்னால் நிற்க விடவில்லை. உள்ளே கூட்டிப்போய், ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரித்து உட்கார வைத்தான். அவன் மனைவி சினேகா இரண்டு தட்டு கழுவி வைத்தாள். சோறு, கிளங்கா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். வேண்டாம் என்று சொல்ல இடமே கொடுக்கவில்லை. "மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசலாம்." அவனும் தன் தட்டோடு எதிரில் உட்கார்ந்தான்.

தமிழ்மணி சைட்டைப் பற்றிப் பேசினான். மஞ்சக்குப்பத்தில் ஒரு காதுகுத்துக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றான். ஜெயப்பிரகாஷ் எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினான். கோபம் இருக்கிறதா இல்லையா என்று அந்த முகத்தில் தேடித் தேடித் தமிழ்மணிக்குச் சலித்துப் போயிற்று. கடைசியில் சோற்றைப் பிசைந்த கையோடு நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"அன்னிக்கி நான் பின்னாடி வந்து உங்களோட உக்காந்திருக்கணும்டா."

ஜெயப்பிரகாஷ் வாயிலிருந்த முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"ஆமாண்ணே" என்றான். "வந்திருக்கணும்."

அவ்வளவுதான். பரவாயில்லை என்றோ, போனது போகட்டும் என்றோ அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. சினேகா கரண்டியோடு வந்து நின்றாள். தமிழ்மணி கையால் தட்டை மறைத்தான். "வையி. அண்ணன் இன்னும் ஒன்னுஞ்சாப்புடல" என்றான் ஜெயப்பிரகாஷ், நிமிராமல்.

கிளம்பும்போது பைக் வரைக்கும் கூடவே வந்தான். தமிழ்மணி சாவியைப் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்யப்பிரியாதான் கேட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம மாடிக்கு வருவியா தம்பி?"

கரையில் யாரோ ஜெயப்பிரகாஷ் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினான்.

"தெரியல அண்ணி" என்றான்.

சொல்லிவிட்டு மணலில் இறங்கி எஞ்சினை நோக்கி நடந்தான். வர மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூடத் தமிழ்மணி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருப்பான். தெரியல என்றதற்குப் பின் கிளம்ப மனசில்லாமல், அங்கேயே காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.